கீழ்லயத்தில் ஆளில்லை என்று எழுதிக் கொடுத்தவன்

சாம்பமேடு,
வியாழக்கிழமை, விடாத மழை.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி, பாலசமுத்திரம் திரு. நாச்சிமுத்து அவர்களின் சமூகத்துக்கு, சாம்பமேட்டிலிருந்து திருமலைச்சாமி இரு கையும் கூப்பி எழுதுவது.

தாங்களும் சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளை செல்வமுருகனும், எங்கள் புவனாவும், பேத்தியும் பழனியாண்டவர் தயவில் சுகமாக இருப்பீர்கள். இந்த மழை தங்கள் தென்னைக்கு நல்லது செய்திருக்கும். இங்கே உடம்பைப் பொறுத்தவரை எல்லோரும் சுகம். மானத்தைப் பொறுத்தவரை ஒருவர் மட்டும் சுகமில்லை. அது நான்தான்.

தாங்கள் பல தடவை போன் செய்ததாக என் வீட்டுக்காரி சண்முகவள்ளி சொன்னாள். போனை நான் அணைத்து பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அந்த வீடியோ தங்கள் வீடு வரைக்கும் வந்துவிட்டது, தங்கள் தம்பி மகன் அதற்குப் பின்னால் நாதஸ்வரம் சேர்த்து உறவுக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டார் என்று புவனா அவள் அம்மாவிடம் அழுதிருக்கிறாள். வாயால் விளக்கினால் பாதியை விழுங்கிவிடுவேன், அதனால்தான் கடிதம். வீடியோவில் இருப்பது கடைசி இரண்டு நிமிடம் மட்டும். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் தெரிந்தால் தங்களுக்கு என் மேல் மரியாதை கொஞ்சம் திரும்பும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். நேற்றிலிருந்து எழுதிக் கிழித்துப் பார்த்ததில், மொத்தக் கதையிலும் அந்த இரண்டு நிமிடம்தான் நான் கௌரவமாக இருந்த பகுதி என்று தெரிகிறது. இருந்தாலும் ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் தெரு தங்களுக்குத் தெரியும். பேரித்தோட்டச் சாலை, ஏழே வீடு. புவனா கல்யாணப் பேச்சுக்கு வந்தபோது தாங்கள் எங்கள் வராந்தாவில் உட்கார்ந்து, குளிருக்குத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, நல்ல இடம் என்று பாராட்டினீர்கள். அந்த வராந்தாவுக்கு நேர் கீழே, கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், சரிவில் மூன்று வரிசையாகத் தகரக் கூரைகள் தெரிந்திருக்கும். அதுதான் கீழ்லயம். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் குடியேறிய இடம். வரிசை வீட்டை அவர்கள் லயம் என்பார்கள், அதுவே ஊர்ப் பெயராகிவிட்டது. எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவர்கள் கொடியில் காயும் துணி தெரியும். அந்த ஜன்னலை நான் பெரும்பாலும் திறப்பதில்லை. குளிர்காற்று வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பேரூராட்சியில் வார்டு பிரித்த புண்ணியவான் யாரோ, அந்த மூன்று வரிசையையும் மூன்று வார்டில் போட்டிருந்தார். மேல்வரிசை கடைவீதி வார்டோடு, நடுவரிசை பள்ளிக்கூட வார்டோடு, கீழ்வரிசை வனத்துறைச் சோதனைச்சாவடி வார்டோடு. எந்த வார்டிலும் அவர்கள் ஓர் ஓரம், அவ்வளவுதான். இந்த வருடம் எல்லைகளைத் திருத்தி, எல்லா வார்டிலும் ஜனத்தொகை ஏறக்குறைய சமமாக வரும்படி ஒரு வரைவு வெளியிட்டார்கள். ஒரே குடியிருப்பை வெட்டக்கூடாது என்று மூன்று வரிசையையும் ஒன்றாக்கி, கீழ்லயம் வார்டு என்று பெயர் வைத்து, பெண்களுக்கு ஒதுக்கி, ஆள் கொஞ்சம் குறைந்ததற்கு ஈடாகப் பக்கத்திலிருந்த எங்கள் ஏழு வீட்டையும் அதில் சேர்த்திருந்தார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம், நேரிலும் விசாரணை உண்டு என்று கீழே ஒரு வரி. அந்த ஒரு வரியை அவர்கள் போடாமல் இருந்திருந்தால் இன்று நான் மனிதனாக நடமாடிக்கொண்டிருப்பேன்.

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு நான் தலைவர், வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்ற பொன்னுவேல் பொருளாளர், மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் செயற்குழு. உறுப்பினர் என்று தனியாக யாரும் கிடையாது. பொன்னுவேல்தான் அறிவிப்புப் பலகையிலிருந்த வரைபடத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தார். என் வீட்டில் கூடி, ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்த்தோம். எங்கள் தெரு பூண்டிப் பக்கம் காட்டுக்குள் எங்கேயோ போய் நின்றது. நான் மேஜையைத் தட்டி, இது திட்டமிட்ட சதி என்று பேசினேன். காபி கொண்டு வந்த சண்முகவள்ளி எட்டிப் பார்த்துவிட்டு, படம் தலைகீழாக இருக்கிறதே என்றாள். வேலை பார்த்த காலமெல்லாம் அணைக்கும் கால்வாய்க்கும் வரைபடம் போட்டுச் சம்பளம் வாங்கியவன் நான் என்பது தங்களுக்குத் தெரியும். அந்த இடத்திலேயே எனக்கு ஒரு எச்சரிக்கை கிடைத்தது, நான்தான் கவனிக்கவில்லை. போனைத் திருப்பி வைத்துப் பார்த்தபோது எங்கள் தெரு கீழ்லயத்தோடு இருந்தது. பூண்டியே பரவாயில்லை என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. நாளைக்கு வீட்டு விலாசத்தில் கீழ்லயம் வார்டு என்றல்லவா அச்சாகும் என்று கவலைப்பட்டவன் வேறு யாருமில்லை, நான்தான். மற்றவர்கள் தூண்டிவிட்டார்கள் என்று எழுதினால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் அவர்கள் எல்லோரையும் தூண்டிவிட்டதே நான்.

விலாசத்துக்காக ஆட்சேபணை என்று எழுத முடியாது. கௌரவமான காரணம் வேண்டும். கீழ்லயத்தில் இப்போது அவ்வளவு ஜனம் இல்லை, பாதிப் பேர் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள், ஆகவே அங்கே தனி வார்டுக்கே அவசியம் இல்லை என்று ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அன்றைக்குத்தான் தங்களுக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னேன். தாங்கள் ஒரு தவணை வார்டு உறுப்பினராக இருந்தவர், விவரம் தெரிந்தவர். “எழுதுறதுக்கு முந்தி ஒருக்கா அங்கன போயிப் பாத்துட்டு வந்துருங்க சம்பந்தி” என்று சொன்னீர்கள். தங்கள் வாக்கை நான் தட்டவில்லை. போனேன். போன நேரம்தான் தப்பு.

மறுநாள் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்த அழுத்தம் பார்த்தேன். எந்தக் காரியத்துக்கும் உடம்பு ஒத்துழைக்க வேண்டுமே. அங்கிருந்த நர்ஸ் சௌம்யா, கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, எதற்கும் டென்ஷன் ஆகவேண்டாம் சார் என்று சொல்லி அனுப்பினாள். வாசலில் வழக்கமாக எங்களை ஏற்றிப் போகும் முகேஷின் ஜீப் நின்றது. கீழ்லயத்துக்கு விடு என்றேன். அவன் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பகல் நன்றாக ஏறியிருந்தது. ஒரு கதவு திறந்திருக்க வேண்டுமே. வரிசையாகப் பூட்டு. நான் ஒவ்வொரு வாசலாகப் போய் நின்று, பூட்டைப் பார்த்து, ‘காலி, காலி’ என்று குறித்துக்கொண்டே வந்தேன். நடுவரிசை முனையில் முகேஷ் ஒரு கதவில் சாய்ந்துகொண்டு காத்திருந்தான். அந்தக் கதவிலும் பூட்டு. அவனைக் கொஞ்சம் நகரச் சொல்லி, பூட்டைப் பார்த்து, அதையும் காலி என்று குறித்தேன். இங்கே ஆட்கள் யாரும் இல்லையா என்று கேட்டதற்கு, எல்லாரும் சோலிக்குப் போயிருக்காங்க சார் என்றான். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. காதில் வாங்கியிருந்தால் காரணம் கெட்டுப்போயிருக்கும்.

கடைசி வரிசையில் மட்டும் ஒரு பெரிய அம்மா வெளியில் உட்கார்ந்து மலைப்பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பெயர் சின்னத்தாயி. என்னைப் பார்த்ததும் எழுந்து முக்காலியைத் துடைத்துப் போட்டு, பால் இல்லை, பிளேன்டீ குடிப்பீர்களா என்று கேட்டு, இஞ்சி தட்டிப் போட்ட கருப்புத் தேநீர் கொண்டு வந்து கொடுத்தார். வீடுகளில் யாரும் இல்லையா என்று அவரிடமும் கேட்டேன். கேரட் கழுவும் கொட்டகைக்கும், ஓட்டலுக்கும், கட்டட வேலைக்கும் எல்லோரும் வெள்ளனே கிளம்பிவிட்டதாகவும், அந்திக்கு வந்தால் எல்லோரோடும் கதைக்கலாம் என்றும் சொன்னார். நான் பாதித் தேநீர் குடித்துவிட்டு, மீதியை வைத்துவிட்டுக் கிளம்பினேன். கிளம்பும்போது படியில் சறுக்கி உட்கார்ந்தேன். முகேஷ்தான் தூக்கி நிறுத்தி, வேட்டியிலிருந்த சேற்றைத் தட்டிவிட்டு, ஜீப்பில் ஏற்றினான்.

வீட்டுக்கு வந்து நான் எழுதிய ஆட்சேபணையின் முக்கியமான வாக்கியத்தைத் தங்களுக்கு மறைக்காமல் எழுதுகிறேன்: “கீழ்லயத்தில் நேரில் ஆய்வு செய்ததில் வீடுகள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கின்றன, அங்கு வசிப்பவர் ஒருவரிடம் விசாரித்ததில் ஆளில்லை என்பது உறுதியாகிறது.” கூடவே என் கையால் ஒரு வரைபடம் போட்டு, எங்கள் ஏழு வீட்டையும் மேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள ஏரிக்கரை வார்டோடு சேர்க்க வேண்டும் என்று கோடு இழுத்து, சங்க முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். பொன்னுவேல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்குத் தூக்கம் நன்றாக வந்தது. அதை நினைத்தால்தான் இப்போது தூக்கம் வருவதில்லை.

விசாரணையைக் கடைவீதியிலுள்ள கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். முடிந்த கையோடு கொடைக்கானல் போய்ப் பேத்தி காதணி விழாவுக்குப் பட்டுப்பாவாடை எடுக்கலாம் என்று சண்முகவள்ளியும் கூட வந்தாள். போய்ப் பார்த்தால் மண்டபத்தில் உட்கார இடமில்லை. ஸ்வெட்டருக்கு மேல் சாக்குத்துணி கட்டிய பெண்கள், காலில் மண் காயாத ஆண்கள், சீருடையோடு ஓட்டல் பையன்கள். இவ்வளவு பேரும் யார் என்று பொன்னுவேலைக் கேட்டேன். யாரோ கன்னிவாடிப் பக்கமிருந்து லாரி வைத்து ஆள் இறக்கியிருப்பார்கள் என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. என் பெயரைக் கூப்பிட்டதும் மேடையேறி, மைக்கைக் கையில் எடுத்து, முதல் காரியமாக, வெளியூர் ஆட்களைக் கூட்டி வந்து விசாரணையைக் குலைக்கப் பார்க்கிறார்கள், இவர்களை வெளியேற்ற வேண்டும் என்று சொன்னேன். சொல்லும்போது குரலெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

விசாரணை அதிகாரி ஓர் அம்மா. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார். கீழ்லயம் என்று மண்டபம் முழுக்க ஒரே சத்தமாக வந்தது. அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள் சம்பந்தி. அதிகாரியம்மா என் மனுவை எடுத்து, அந்த வாக்கியத்தை நிதானமாக, ஒரு சொல் விடாமல் படித்தார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் எழுந்தவன் முகேஷ். அவனை அங்கே பார்த்ததும், என்னைக் கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறான் என்றே நினைத்தேன்.

“சார் பூட்டிக் கெடக்குன்னு எழுதுன வீட்டுல ஒண்ணு என்னோடதுங்க மேடம்” என்றான். “நான்தான் சாரை ஏத்திக்கிட்டுப் போனேன். என் வீட்டு வாசல்லயே என்னைய நகரச் சொல்லித்தான் எழுதுனாரு. சாவி என் பையில இருந்துச்சு.”

அவன் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னான். அடுத்து சௌம்யா எழுந்து, மேல்வரிசையில் பூட்டியிருந்த முதல் வீடு அவளுடையது என்றும், அதைப் பூட்டிவிட்டு வந்துதான் அன்று காலையில் எனக்குப் பிரஷர் பார்த்தாள் என்றும் சொன்னாள். எங்களுக்குக் காலையில் பால் ஊற்றுகிறவர் எழுந்தார். எங்கள் கூரை ஒழுகியபோது ஓடு மாற்றிய கொத்தனார் எழுந்தார். முகம் எல்லாம் எனக்குத் தெரிந்த முகம். எங்கே போய்ப் படுக்கிறார்கள் என்பது மட்டும் இத்தனை நாளாகத் தெரியாமல் இருந்திருக்கிறது. விசாரித்ததாக எழுதியிருக்கிறதே, யாரை விசாரித்தீர்கள் என்று அதிகாரியம்மா கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் சின்னத்தாயியம்மா எழுந்து, “நாந்தாங்க. சோலிக்குப் போயிருக்காக, அந்திக்கு வந்தா கதைக்கலாம்னேன். ஐயா பிளேன்டீ குடிச்சிட்டுப் போனாக” என்றார். அதில் குற்றம் சொல்கிற தொனி ஒரு துளி இல்லை. உபசரித்ததைச் சொல்கிற தொனி. மண்டபம் சிரித்தது. அதிகாரியம்மாவும் மனுவை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்.

சிரிப்பு அடங்கும்போது சின்னத்தாயியம்மாவின் மருமகள் மணிமேகலை எழுந்து நின்றாள். கேரட் கொட்டகையில் வேலை பார்க்கிறவள், கை இரண்டும் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. அவள் பேச ஆரம்பித்ததும் யாரும் சிரிக்கவில்லை. கீழ்லயம் முழுமைக்கும் ஒரே குழாய், அது போன பங்குனியில் உடைந்தது. மேல்வரிசையில் உடைந்ததால் கடைவீதி உறுப்பினரைப் பார்க்கச் சொன்னார்கள், குழாய் போவது நடுவரிசைக்கு என்று அவர் பள்ளிக்கூட வார்டுக்குக் கைகாட்டினார், தண்ணீர் நிற்பது கீழ்வரிசையில் என்று அந்த வார்டு உறுப்பினர் சோதனைச்சாவடி வார்டுக்குக் கைகாட்டினார். சித்திரை முடியும்வரை ஓடைத் தண்ணீர்தான். இரண்டு பிள்ளைகளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. இதையெல்லாம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஆளில்லைன்னு சார் எழுதுனது ஒரு வகையில நெசந்தாங்க. வீட்டுல ஆள் இருக்கு. மன்றத்துலதான் எங்களுக்கு ஆளில்ல.”

சம்பந்தி, அந்தப் பங்குனியில் நானும் அந்த ஓடையைப் பார்த்திருக்கிறேன். குடத்தோடு ஏறி இறங்குகிறவர்களை வராந்தாவிலிருந்து பார்த்து, இந்த மலைவாசிகளுக்கு என்ன தெம்பு என்று பொன்னுவேலிடம் வியந்து பேசியிருக்கிறேன். மேடையில் நிற்கும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. வீடியோ இங்கேதான் ஆரம்பிக்கிறது. நான் மைக்கில் ‘நான், நான்’ என்று பல தடவை சொல்கிறேன். பிறகு என் ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், என்னை மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மைக்கைக் கீழே வைக்க மறந்து, கையோடு பிடித்தபடியே வாசலை நோக்கி நடக்கிறேன். ஒயர் இழுத்து ஒலிபெருக்கி சாய்கிறது. ஓர் ஆள் பின்னால் ஓடி வந்து என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து மைக்கை வாங்குகிறான். தங்கள் தம்பி மகன் நாதஸ்வரம் சேர்த்தது இந்த இடத்துக்குத்தான் என்று நினைக்கிறேன். பொருத்தமாகத்தான் இருக்கும்.

சண்முகவள்ளி நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய், மணிமேகலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். வெளியே வந்ததும் எனக்கு முன்னால் நடந்தாள். பேருந்து நிறுத்தத்தில்தான், “பாவாடை எடுக்கப் போவோமா, இல்ல கடையிலயும் ஆளில்லன்னு எழுதிக் குடுப்பீகளா” என்று கேட்டாள். போகவில்லை.

மறுநாள் அந்தியில் கீழ்லயத்துக்கு நடந்தே போனேன், ஜீப்பைக் கூப்பிட முகம் இல்லை. எல்லா வாசலிலும் விளக்கு, அடுப்புப் புகை, டிவி சத்தம், பிள்ளைகள் பாடம் படிக்கிற சத்தம். இத்தனை ஜனத்தை நான் எப்படி ஒரே காலையில் இல்லாமல் செய்தேன் என்று பிரமிப்பாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வீட்டில் நாலு வரி மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். முதல் வரிக்கே முகேஷ் முக்காலி போட்டுவிட்டான். சின்னத்தாயியம்மா தேநீர் கொண்டு வந்து, “அன்னைக்குப் பாதிய வச்சிட்டுப் போயிட்டீகளே, சூடு பத்தலையோன்னு நெனச்சேன்” என்றார். நான் முழுதும் குடித்தேன், அழாமல் குடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மணிமேகலை தேர்தலில் நிற்கப் போகிறாளாம். அவளை முன்மொழிந்து கையெழுத்துப் போட அதே வார்டு வாக்காளர் ஒருவர் வேண்டுமாம். நான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் அதைக் கேட்டவுடனே சரி என்றுவிடவில்லை. “எழுதுறதுக்கு முந்தி வாசிச்சுக் காட்டிருங்க சார்” என்றாள். நியாயம்தான்.

அதற்குப் பிறகு மற்ற ஆறு வீட்டுக்கும் நானே நடந்து, நாம் கீழ்லயம் வார்டில் இருப்பதுதான் முறை, நமக்கும் அவர்களுக்கும் ஒரே தொட்டியிலிருந்துதான் தண்ணீர் வருகிறது என்று பேசிப் பேசி எல்லோரையும் சம்மதிக்க வைத்தேன். பொன்னுவேல்தான் கடைசி வரை முறைத்துக்கொண்டிருந்தார். இப்போது அவரே மணிமேகலையைக் கூப்பிட்டு வராந்தாவில் உட்கார வைத்து அவர்களுக்கு இன்னொரு குழாய் கேட்டு மனு எழுதுகிறார். அவ்வளவுதான் சம்பந்தி நல்ல செய்தி. ஆனால் என் முகத்தில் பட்டது போகவில்லை. கடைக்குப் போனால் ஆள் இருக்கிறார்களா பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்கிறார்கள். தபால்காரர்கூட எங்கள் வீட்டு வாசலில் நின்று, ஆள் இருக்கா என்று இரண்டு தடவை கேட்கிறார். இந்த முகத்தோடு பழனியில் தங்கள் சொந்தபந்தம் அத்தனை பேர் நடுவில் நான் எப்படி வந்து நிற்பது. தங்களுக்குத் தலைகுனிவு என்னால் வந்ததாக இருக்க வேண்டாம். ஆகவே பேத்தியின் காதணி விழாவுக்கு நான் வரமாட்டேன் என்பதைத் தங்கள் பாதத்தில் விண்ணப்பித்துக்கொள்கிறேன். தாய்மாமன் மடிக்கு என் மகன் சந்தோஷ்குமார் ஓசூரிலிருந்து வந்துவிடுவான். சண்முகவள்ளி சீர்வரிசையோடு முதல் நாளே வந்துவிடுவாள். இனி நான் எந்தப் பொதுக்காரியத்திலும் தலையிடுவதில்லை, எந்த அலுவலகத்துக்கும் ஒரு வரியும் எழுதுவதில்லை, மிச்சக் காலத்தை இந்தத் தெருவிலேயே, என்னைப் பொறுத்துக்கொண்ட இந்த ஜனங்களோடு சத்தமில்லாமல் கழித்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் புவனாவுக்கும் ஆசி. பேத்தி காது வலியில்லாமல் ஆறி, தோடும் ஜிமிக்கியுமாகத் தீர்க்காயுசாக இருக்க, இங்கிருந்தபடியே மலையைப் பார்த்து வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் தாழ்மையுள்ள சம்பந்தி,
வீ. திருமலைச்சாமி.

பின்குறிப்பு, சனிக்கிழமை: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதில் முடிவு என்று வருகிற இடமெல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். நேற்று இறுதி அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். கீழ்லயம் மூன்று வரிசையும் ஒரே வார்டு, அதில் மாற்றம் இல்லை, அது மட்டும்தான் ஆறுதல். ஆனால் பேரித்தோட்டச் சாலை அதில் இல்லை. எங்கள் ஏழு வீட்டையும் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரை வார்டில், விடுதிகளுக்கும் பூட்டிய பங்களாக்களுக்கும் வாலாக ஒட்டிவிட்டு, எங்களுக்குப் பதில் சந்தைப் பக்கத்துச் சந்து ஒன்றை அங்கே சேர்த்திருக்கிறார்கள். பக்கத்திலேயே காரணமும் போட்டிருக்கிறது: திரு. திருமலைச்சாமி அவர்களின் ஆட்சேபணை ஏற்கப்பட்டது. மொத்தப் பேரூராட்சியிலும் ஏற்கப்பட்ட ஒரே ஆட்சேபணை என்னுடையதாம். மேடையிலேயே திரும்பப் பெற்றுவிட்டேனே என்று அலுவலகத்துக்கு ஓடினேன். எழுதிக் கொடுத்தது எழுத்தில் இருக்கிறது, வாயால் சொன்னது எங்கேயும் இல்லை சார், கெடுவும் முடிந்துவிட்டது என்று உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மணிமேகலைக்கு நான் இனிக் கையெழுத்துப் போட முடியாது. அவளிடம் போய்ச் சொன்னேன். “பரவால்ல சார், ஒங்க தெருவுக்கு எதுவும்னா எங்ககிட்ட வந்து சொல்லுங்க, நாங்க கேக்குறோம்” என்றாள். எங்கள் ஏழு வீட்டுக்கு இனி மன்றத்தில் ஆளில்லை என்பதை அவள் எவ்வளவு மரியாதையாகச் சொன்னாள் பாருங்கள். எங்கள் தெருவில் அந்த மரியாதை இல்லை. வீடு வீடாகப் பேசி மனதை மாற்றிவிட்டு இப்படிச் செய்தீர்களே என்று ஆறு வீடும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டன, பொன்னுவேல் பார்த்தும் பாராமல் கதவைச் சாத்துகிறார். சண்முகவள்ளி பேசுகிறாள். பேசாமல் இருந்தால் தேவலை. ஆகையால் சம்பந்தி, நான் காதணி விழாவுக்குக் கட்டாயம் வருகிறேன், திங்கட்கிழமையே வந்துவிடுகிறேன், தை பிறக்கும்வரை அங்கேயே இருந்துகொள்ளலாமா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும். இறுதி அறிவிப்பை எதிர்த்து மேல்முறையீடு ஒன்று எழுத வேண்டியிருக்கிறது, அதைத் தங்கள் வீட்டில் வைத்து எழுதினால் தாங்கள் ஒரு தரம் வாசித்துப் பார்க்கலாம்.